வலிக்குதா?

சிவகாசி
12.2.1961

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. சாத்தூருக்கு லோடு கொண்டுபோன லாரிக்காரர் அங்கே உங்களைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார். "அண்ணன் கை கிழியக் கிழிய மணல் மூட்டையக் குத்திக்கிட்டே இருக்காகம்மா."

உங்கள் தம்பி ராஜசிங்கின் கையுறைகளை அத்தை இன்னும் வெயிலில் காயப்போடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.

குத்துச்சண்டைப் பயிற்சியில் வலிக்குது என்று முதலில் சொல்பவன் தோற்றவன். அது அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து போட்ட சட்டம். போட்டி நெருங்கியதால் அன்று நீங்கள் பலமாகத்தான் குத்தினீர்கள். அவனும்தான் குத்தினான். அதற்காக நான் இதை எழுதவில்லை.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் வயிற்றை அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற உங்களைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே, "இல்லையே" என்றான். டாக்டரும் நம்பி வீட்டுக்கு அனுப்பினார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

அத்தான், எனக்கு வலிக்கிறது. முதலில் தோற்றது நான் என்றே இருக்கட்டும். நீங்களும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் ஜெயிப்பதற்கு இப்போது அவன் இல்லை.

உங்கள் மனைவி