அப்பா போட்ட போட்டோ

எலிக்குட்டி,

ரொட்டியும் முட்டையும் அடுப்பு மேலே மூடி வைத்திருக்கிறேன். இன்று அம்மா உன்னைப் பள்ளியில் விடுவாள். சாயங்காலம் தனியாக நடந்து வராதே. அத்தை பள்ளி வாசலுக்கே வருவாள், வீட்டுச் சாவி அவளிடம்தான்.

ஏன் என்று கேட்பாய். நீச்சல் கோப்பையோடு நீ வாசலில் நிற்கும் போட்டோவை இணையத்தில் போட்டேன் அல்லவா? "ஸ்கூல் பேரு, வீட்டு நம்பர் எல்லாம் தெரியுதுப்பா, எடுத்துடுங்க" என்று நேற்று நீ சொன்னாய். உன் தோழி முன்னால், "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கத்தினேன். உனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன் அதன் கீழே, "பாப்பாவுக்கு எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும்?" என்று கேட்டிருந்தான். உடனே போட்டோவை எடுத்துவிட்டேன், அவன்மேல் புகாரும் கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யார் அதை எடுத்து வைத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையை ஏழு மணிக்கு நான் திறக்க வேண்டும், அதனால் நீ எழுமுன் கிளம்புகிறேன் என்பது உண்மைதான். உன்னை எழுப்பி நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை. மன்னித்துவிடும்மா.

அப்பா

அடியில் இன்னொன்று: நீ பிறந்ததிலிருந்து நான் போட்ட போட்டோக்கள் இன்னும் எழுபத்தொன்று இருக்கின்றன. இப்போதுதான் எண்ணினேன். ஒன்றுக்குக்கூட உன்னைக் கேட்டதில்லை. சாயங்காலம் சேர்ந்து உட்காருவோம். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று நீயே சொல். நான் வாயைத் திறக்க மாட்டேன்.