ஒரு நீளத்துக்கு மூன்று அகலம்

மச்சான்,

நேற்றுத் தபாற்கந்தோரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தேன். மூடியைத் திறந்ததும் புதுத் தோலும் றப்பரும் பசையும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. யாழ்ப்பாணத்தில் காலையில் உன் கடைக் கதவைத் திறக்கும்போது வருமே, அதே மணம். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் எனக்குச் சப்பாத்து அனுப்பியிருக்கிறான். பெட்டியின் பக்கத்தில், நீ வாய் ஓயாமல் சொன்ன அந்த அமெரிக்கக் கொம்பனியின் பெயர். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. கொம்பனியே எனக்கு மரியாதை செய்து அனுப்பியது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாம் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வாத்திமார் வீடுவரை வந்து கெஞ்சியது ஊரறிந்த கதை. நீ கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறைப் பிள்ளை, கப்பலேறினாய். ஐம்பதுகளின் கடைசியில் ஏதோ ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில், காலைக் கடித்துப் புண்ணாக்கிய சப்பாத்தோடு, குளிருக்கு ஒதுங்க ஒரு கடைக்குள் நுழைந்தாயாம். அங்கிருந்த நரைத்த வெள்ளைக்காரன் உன் முன்னால் முழந்தாளிட்டு, உன் காலை ஒரு பலகையில் வைத்து, நீளத்தோடு அகலத்தையும் அளந்தானாம். வெறுங்காலோடு கடற்கரை மணலில் வளர்ந்து பரந்த உன் கால், வாழ்க்கையில் முதல்முறை ஒரு சப்பாத்துக்குள் இளைப்பாறியது.

கொம்பனியின் கதையை அந்த மனிதன்தான் உனக்குச் சொன்னான். அதைத் தொடங்கியவர் ஒரு கொட்டிலில் இருந்து, நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பொலிஸ்காரருக்கும் சாப்பாட்டுக்கடை வேலையாட்களுக்கும் சப்பாத்து தைத்தவர். ஒரே நீளக் காலில் ஒடுங்கினதும் பரந்ததும் இருப்பதைக் கண்டு, ஒரு நீளத்துக்கு மூன்று அகலம் செய்தார். கால் நோகாதவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, கொட்டில் ஒரு மாடியாகி, பிறகு இரண்டு மாடிச் செங்கல் தொழிற்சாலையாகியது. நீ இவ்வளவுதான் சொன்னாய். நான் அதற்கு ஏழு மாடி கட்டி, மேலே ஒரு மணிக்கூண்டும் வைத்தேன்.

"மச்சான், நான் சொன்னது ரெண்டு மாடி" என்பாய்.

"நீ கேட்ட காலம் ரெண்டு. இப்ப வளந்திருக்கும்" என்பேன்.

கப்பலை விட்டுவந்து நீ என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் சப்பாத்துக் கடை போட்டாய். அந்தக் கால் அளக்கும் பலகையைப் போலவே தச்சனைக் கொண்டு ஒன்று செய்வித்தாய். வந்தவர்களோ காலைத் தர மறுத்தார்கள். தங்களுக்குச் சமமான ஒருவன் தங்கள் காலைத் தொடுவதா என்று கூச்சப்பட்டுக் கதிரைக்கு அடியில் காலை ஒளித்தார்கள். அதைவிடப் பெரிய இடி உனக்குப் பேசிய பெண்ணின் வீட்டில் விழுந்தது. நீ அந்தப் பெண்ணையே மனதில் வைத்திருந்தாய். அவளுடைய தகப்பன், பாய்க்கப்பல் ஓட்டிய பழைய தண்டையல், ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்.

"கப்பலோடின குடும்பத்துப் பெட்டையை, ஊராற்றை காலைப் பிடிக்கிறவனுக்குக் குடுக்கிறதோ?"

கடையை மூடு, பெண் உனக்கு என்றார்கள் உன் வீட்டார். நீ சாப்பாட்டையே மறந்து திரிந்தாய். உன்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனவன் நான்.

"ஐயா, அந்த அமெரிக்க முதலாளிக்கு ஏழு மாடிக் கட்டடம் கிடக்கு. எண்டாலும் காலமை முதல் வாற ஆளின்ரை காலை அவர்தான் முழந்தாள் போட்டு அளக்கிறவர். அந்த நாட்டுச் சனாதிபதியின்ரை காலும் அவர்ரை மடியிலைதான் கிடந்தது."

"நீ பாத்தனியோ?"

"பாக்காமல் சொல்லுவனோ?"

நீ தலையை நிமிர்த்தினாய். "மாமா, உவன் சொல்லுறதிலை முக்காலைக் கழியுங்கோ. ஆனால் முழந்தாள் போட்டது மெய். கடைக்காரக் கிழவர் ஒருத்தர் என்ரை காலைத்தான் அளந்தவர். அண்டைக்கு என்னை ஆரும் குறைச்சு நினைக்கேல்லை. அவரையும் நான் குறைச்சு நினைக்கேல்லை."

பிறகு அவருடைய காலின் சின்னவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "காலாணி குத்துதோ? காலை ஒருக்கால் நீட்டுங்கோ" என்றாய். அவர் காலை உள்ளே இழுத்தார். நீ தரையில் முழந்தாளிட்டபடி காத்திருந்தாய். வெகுநேரம் கழித்து அந்தக் கால் மெல்ல வெளியே வந்தது.

அந்த ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்கு வந்தார், நீ செய்து கொடுத்த அகலச் செருப்போடு. நாமும் போயிருந்தோம். பஸ்ஸால் இறங்கி நொண்டாமல் நடந்து வந்தவர், கேணியடிச் சனத்தைக் கண்டதும் நின்றார். செருப்புக் களவு போகும் இடம் அது. கழற்றுவதும் போடுவதுமாகத் தடுமாறினார். கடைசியில் இரண்டையும் கையில் எடுத்து, நேரே உன்னிடம் வந்து நீட்டினார்.

"கவனமாய்ப் பாத்துக்கொள்ளும், மருமோன்."

அந்தச் சொல்லைக் கேட்டு நீ செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நிலையை நான் ஆயிரம் பேருக்கு நடித்துக் காட்டியிருப்பேன். கலியாண வாசலில் பெண்ணின் தம்பி முறைப்படி உன் காலைக் கழுவிக்கொண்டே, "அத்தான், உந்தக் காலுக்கு ஒரு செம்புத் தண்ணி காணாது" என்றதும் பந்தலே சிரித்தது. ஊராற்றை காலைப் பிடித்தவனின் காலை அந்த வீட்டுப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தான். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை; கண்ணைத் துடைத்தார்.

வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்ற காலத்தில் கோப்பாய்த் தோட்டக்காரரும் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தரும் உன் கடை வாசலில் வரிசையாக நின்றதை நீ கண்குளிரப் பார்த்தாய். நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இப்போது சனம் காலையில் எழும்பி, யாரும் துரத்தாமலே ஓடுகிறதாம். அத்தனை பேர் காலிலும் உன் கொம்பனியின் சப்பாத்தாம். இது மருமகன் எழுதியது. ஆகாயவிமானத்துக்கும் அவர்கள்தான் சப்பாத்துச் செய்கிறார்கள் என்பது நான் சேர்த்தது.

உன் பலகை இப்போது என்னிடம் இருக்கிறது. உன் மனைவி தந்தாள். மருமகன் என் கால் அளவைக் கேட்டு எழுதியபோது அதை எடுத்துத் துடைத்தேன். நீ சொல்வது காதில் கேட்டது: "வாயிலை எவ்வளவும் கூட்டு மச்சான், காலளவிலை கூட்டாதை." காலை வைத்தேன். கட்டையான கால், கொஞ்சம் பெரிதாக எழுதினால் என்ன என்று கை துறுதுறுத்தது. உள்ளதையே எழுதினேன்.

இன்று காலை அந்தச் சப்பாத்தோடு சந்திவரை நடந்தேன். வழியில் கண்டவர்களிடம் கொம்பனிக்கு இப்போது பன்னிரண்டு மாடி என்று சொன்னேன். கால் எங்கும் கடிக்கவில்லை, மச்சான். இதில் நான் எதையும் கூட்டவில்லை.