வெள்ளிக்கிழமை காய்ந்த நெல்

சம்மாந்துறை
03.08.2025

அன்பு மகள் ஜெனூபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்கிறாய். பேசினால் எனக்கு வசனம் முடிவதில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

அரிசி ஆலையில் நீ செய்து பூட்டித் தந்த அளவுப் பெட்டிகள் மூன்றாவது மாதமாக ஓடுகின்றன. களத்துச் சூடு, நெல்லின் ஈரம், நூறு கிலோ அரிசியில் உடைந்தது எத்தனை கிலோ, எல்லாம் திரையில் வருகிறது. அதில்தான் ஒரு சங்கடம். மற்ற நாட்களில் உடைவு எட்டுக் கிலோவைத் தாண்டுவதில்லை, சனிக்கிழமை மட்டும் பதினான்கு. சனிக்கிழமைகளில் குற்றும் இயந்திரத்தில் நிற்பவன் றம்ஸீன். முதலாளி மீராசா ஹாஜியார் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பெட்டி பொய் சொல்லாது எண்டுதானே மாஸ்டர் ஒங்கட மகள் சொன்னா? அப்ப இந்த மாசத்தோட இவன நிப்பாட்டுவம்."

றம்ஸீன் கவனமான பிள்ளை. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. உன் கணக்கில் பிழை இருக்குமோ என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. எனக்கு விளங்காதது ஏதாவது இருக்கலாம்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்


கோலாலம்பூர்
06.08.2025

அன்புள்ள வாப்பா,

வஅலைக்கும் ஸலாம். கணக்கில் பிழை இல்லை, மூன்று தரம் பார்த்துவிட்டேன். ஆனால் பெட்டி 'எப்போது' என்றுதான் சொல்லும். யாருடைய பிழை என்று அதற்குத் தெரியாது. சனிக்கிழமை குற்றுகிற நெல் முதல் நாள் களத்தில் எப்படிக் காய்ந்தது? மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பதிவு இருக்கிறது. எனக்கு அந்தக் களத்து வேலை தெரியாது. களத்துக்குப் பொறுப்பு நீங்கள், முப்பது வருடம் விஞ்ஞானமும் படிப்பித்தவர். பாருங்கள்.

இன்னொன்று. பெட்டிகளைப் பூட்ட வந்த அன்று ஹாஜியார், "நெல்லுக்கு டியூசன் குடுக்க வந்திரிக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சட்டைப் பையில் பேனையைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். கோபம் இல்லை வாப்பா. மறக்கவும் இல்லை.

உங்கள் மகள்,
ஜெனூபா


சம்மாந்துறை
17.08.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். பேனை பையிலேதான் இருந்தது, மகள். தேடுவதுபோல் நின்றேன், அதை உனக்கு அன்றே எழுதியிருக்க வேண்டும்.

நீ சொன்னபடி பதிவுகளை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எடுத்தெழுதினேன். பத்து வெள்ளிக்கிழமைகள், பத்திலும் ஒரே கதை. பதினொன்றரைக்கு எல்லாரும் குளித்து ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இரண்டு மணிவரை நெல்லைக் கிளற ஆளில்லை. உச்சி வெயிலில் மேல் நெல் முறுகி உள்ளே வெடிக்கிறது, அடி நெல் ஈரமாகவே கிடக்கிறது. மறுநாள் றம்ஸீன் என்ன செய்தாலும் அது உடையும்.

நெல்லை விரித்தபடியே விட்டுப் போகச் சொன்னது யார்? நான்தான். பதினொரு வருடமாக. "வெயில் ஜும்ஆவுக்குப் போறல்ல, அது காயட்டும்" என்று பகிடியும் விட்டிருக்கிறேன்.

ஹாஜியாரிடம் இதைச் சொல்ல வேண்டும். இரண்டு தாள் எழுதி இரண்டையும் கிழித்துவிட்டேன். துஆச் செய்.

வாப்பா


சம்மாந்துறை
24.08.2025

அன்பு மகள் ஜெனூபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்றாவது தாளைக் கிழிக்கவில்லை. புதன்கிழமை காலை, எல்லாரும் இருக்கும்போது, அதை வாசித்தேன். ஹாஜியார் முடியும்வரை கேட்டுவிட்டு, "அப்ப பதினொரு வருசமா என்ட அரிசிய ஒடச்சது நீங்களா மாஸ்டர்?" என்றார்.

"ஓம் ஹாஜியார், நான்தான்" என்றேன்.

பிறகு அவர் றம்ஸீனைப் பார்த்து, "நீ போய் மெசினப் போடு" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே நெல்லைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினோம். தொழுதுவிட்டு வந்து மறுபடி விரித்தோம். நேற்று உடைவு ஏழு கிலோ. நம்பாமல் நான் கையாலும் நிறுத்துப் பார்த்தேன், ஏழேதான். "சேர், இனி ஜும்ஆவுக்கு நெல்லுக்கும் லீவு" என்கிறான் றம்ஸீன்.

செய்தி எப்படியோ கல்முனைக்குப் போயிருக்கிறது. இன்று காலை அங்கிருந்து ஓர் ஆலைக்காரர் வந்து திரையை நெடுநேரம் பார்த்தார். தன் ஆலைக்கும் வேண்டுமாம். "இது எந்தக் கம்பனிட?" என்று ஹாஜியாரிடம் கேட்டார்.

ஹாஜியார் வாயெடுக்க முதல், "இது என்ட மகள் செஞ்சது" என்றேன்.

குரல் உரத்துவிட்டது போலிருக்கிறது. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்