சனிக்கிழமை ரேடியோ போடாதே

நாஷ்வில், பிப்ரவரி 1953

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன், வேளாவேளைக்குச் சாப்பிடறேன்.

நம்ம பாட்டைப் பதிவு பண்ணியாச்சு. உன் பூட்ஸுக்குள்ள சோளச்சருகை அடைச்சு எனக்கு மாட்டிவிட்டு, நீ பனியில வெறுங்காலோட நடந்தியே, அந்தப் பாட்டுத்தான்.

ரெக்கார்டு கம்பெனிக்காரர் கேட்டுட்டு, "நம்ம கிராமத்துக் கன்ட்ரி பாட்டுன்னா கடைசியில அம்மா சாகணும் தம்பி. அப்பத்தான் ஜனங்க அழுவாங்க"ன்னார்.

"எங்கம்மா குத்துக்கல்லாட்டம் இருக்காங்களே!"

"அது பாட்டுக்கு ஆகாது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடல. கடைசியில நீ சாகற மாதிரியே பாடிட்டேன்.

அந்தப் பாட்டு வருது, சனிக்கிழமை ரேடியோ போடாதே. ஓஹையோ பெரியம்மா துக்கத்துக்குக் கருப்பு உடையில வந்து இறங்கினா, காப்பி போட்டுக் கொடு.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. கூடவே உன் கையால ரெண்டு வரி எழுது, சீக்கிரம். தினம் மேடையில உன்னைப் புதைச்சுட்டுத்தான் அறைக்குத் திரும்பறேன்.

உன் மகன்,
டெல்மர்