ஊற்றாத தண்ணீர்

அம்மான்,
12 அக்டோபர் 1996

அன்புள்ள ரபாப் அக்காவுக்கு,

நல்லபடியாக ஜோர்டான் வந்து சேர்ந்தோம். நீ எங்கள் பின்னால் ஊற்றிய தண்ணீர் வண்டிக் கண்ணாடி முழுக்கத் தெறித்துவிட்டது என்று டிரைவர் அபூ லைத் எல்லை வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். "இப்பத்தான் கழுவினேன். போறவங்க பத்திரமா திரும்பி வரணும்னா ஒரு சொம்பு போதாதா? உங்கக்கா குடத்தையே கவுத்துட்டாங்களே!" ஹிக்மத் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லையில் அந்தச் சிரிப்பு நின்றது.

அதிகாரி ஹிக்மத்தின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "என்ன வேலை?" என்றான்.

"கூலி."

"கையைக் காட்டு."

காட்டினார். சாக்பீஸைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை, அக்கா. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சோம்பேறிக் கூலி போல" என்று சொல்லி முத்திரையைக் குத்தினான். என் உயிர் திரும்பி வந்தது.

பேராசிரியர்களை நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள் என்றுதானே கூலி என்று எழுத வைத்தோம்? அது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போது எந்த அலுவலகத்தில் போய் "அணைக்கட்டுப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்" என்று சொன்னாலும், பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு போகிறார். மாலையில் டையைச் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வருகிறார்.

டிசம்பரில் யேமன் நாட்டு சனாவிலிருந்து ஆள் எடுக்க ஒரு குழு வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு நீர்ப் பொறியாளர் வேண்டுமாம், பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை வேண்டுமாம். எங்கள் இருவரையும் மனதில் வைத்தே கேட்டதுபோல் இருக்கிறது. ஆனால் சான்றிதழ்கள் உன் வீட்டில் கிடக்கின்றன. தபாலில் போடாதே, பிரித்துப் பார்ப்பார்கள். அபூ லைத்திடம் கொடுத்தனுப்பு. இங்கே தங்கும் அனுமதி இந்த வருஷத்தோடு தீர்கிறது. அதற்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் அந்த எல்லை அதிகாரியின் முன்னால் மறுபடியும் போய் நிற்க வேண்டியதுதான்.

உன் தங்கை,
சவ்ஸன்

---

பாக்தாத்,
27 அக்டோபர் 1996

என் கண்ணே சவ்ஸன்,

உன் கஷ்டமெல்லாம் எனக்கு வரட்டும். கடிதத்தில் நீ என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி இல்லை. இளைத்திருப்பாய். நீ கேட்காவிட்டாலும் உலர்ந்த எலுமிச்சை அனுப்புகிறேன், தேநீரில் போட்டுக் குடி. மாங்காய் அம்பா ஊறுகாய் அனுப்பலாம் என்றால் அபூ லைத் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "போன தடவை உடைஞ்ச சீசாவோட வாடை இன்னும் சீட்டுல இருக்கும்மா."

சான்றிதழ்களைப் போர்வைக்குள் வைத்துத் தைத்தேன். இரண்டையும் வைத்தால் போர்வை பலகைபோல் விறைத்து நிற்கிறது. அபூ லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போத்திக்கிட்டுத் தூங்கறதா, இல்ல சாப்பாட்டு மேஜையாப் போடறதா?" என்று கேட்டார். அதனால் இந்த முறை உன்னுடையது மட்டும் வருகிறது. உன் வீட்டுக்காரருடையது அடுத்த சவாரிக்கு. ஒரு மாதம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இல்லாமல் வீடு பெரிதாகிவிட்டது. ரொட்டி மட்டும் பழைய கணக்கில் மூன்று பேருக்குச் சுட்டுவிடுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
ரபாப்

---

அம்மான்,
15 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

போர்வை வந்தது. தையலைப் பிரித்து என் சான்றிதழை எடுத்தபோது, உன் சமையலறை வாசனை அடித்தது. அழவில்லை, ஹிக்மத் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அவர் இப்போது டை கட்டுவதில்லை. ஹாஷிமியா சதுக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் சிகரெட் அடுக்கி விற்கிறார். அங்கே விற்பவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்தான். நேற்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஓர் இளைஞன் வந்து சிகரெட் கேட்டான். வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சார்... நீங்களா?"

"இல்லப்பா. என்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க."

அவன் போன பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "மூணாவது வருஷத்துல ஃபெயிலாப் போட்டேன் இவனை. நல்ல வேளை, பழி வாங்காமப் போனான்." சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் வெகுநேரம் சில்லறையை எண்ணாமல் கையிலேயே வைத்திருந்தார்.

இருபது வருஷமாக இந்த மனிதரை எனக்குத் தெரியும். கோபத்தைத் தெரியும், பிடிவாதத்தைத் தெரியும். வெட்கத்தை மட்டும் இங்கே வந்துதான் பார்க்கிறேன். அதை என்னிடமிருந்து மறைக்க அவர் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை, அக்கா. அவருடைய சான்றிதழை அனுப்பிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சவ்ஸன்

---

பாக்தாத்,
29 நவம்பர் 1996

என் சவ்ஸன்,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முற்றத்தில் தந்தூர் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஹிக்மத் தம்பியின் சான்றிதழ்களும் பாதி தைத்த போர்வையும் பக்கத்துப் பாயில் இருந்தன. கதவு தட்டப்பட்டது. கதவிடுக்கில் பார்த்தால் இரண்டு பேர், தோல் ஜாக்கெட் போட்ட உளவுக்காரர்கள். "பேராசிரியர் ஹிக்மத் வீடு இதுதானே?" என்று வெளியிலிருந்தே கேட்டார்கள். போர்வைக்குள் தைத்து அனுப்பப் போகும் காகிதங்களை அவர்கள் பார்த்தால் அவர் எங்கே போனார், எதற்குப் போனார் என்று எல்லாமே தெரிந்துவிடும். என் கை என்னைக் கேட்கவில்லை. காகிதம் எல்லாவற்றையும் தந்தூருக்குள் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

உட்கார்ந்தார்கள். கிராமத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார், மலேரியா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சூடான ரொட்டி வாசனைக்கு ஒருவன் எட்டிப் பார்த்தான். "ஒண்ணு கிடைக்குமா, அம்மா?" கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு தின்றார்கள். "ரொட்டின்னா இதுதான் ரொட்டி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அவருடைய டாக்டர் பட்டத்தில் வெந்த ரொட்டி, சவ்ஸன்.

அவர்கள் போன பிறகு சாம்பலைக் கிளறினேன். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ரபாப்

---

அம்மான்,
11 டிசம்பர் 1996

அக்கா,

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நீ அன்று வேறு மாதிரி செய்திருந்தால் இன்று உனக்கு எழுதவே முடிந்திருக்காது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, "ரொட்டி நல்லா வெந்துச்சாமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சனா குழு என்னை எடுத்துக்கொண்டது. 24-ஆம் தேதி விமானம். அவரைப் பற்றிக் கேட்டார்கள். அணைகள், டாக்டர் பட்டம், கட்டுரைகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார்: "காகிதம் ஏதாவது இருக்குங்களா, மேடம்? நகலாவது? இல்லன்னா உங்களுக்குத் துணையா வரட்டும்." படிவத்தில் ஆசிரியை சவ்ஸன் என்றும், துணைக்கு வருபவர் ஹிக்மத், கூலி என்றும் எழுதினார்.

வெளியே வந்ததும் ஹிக்மத் சொன்னார்: "ஆம்பளைத் துணை இல்லாம உன்னை அந்த எல்லையைத் தாண்ட விடல. இப்ப நீ இல்லாம என்னை விடமாட்டாங்க. கணக்கு சரியாப் போச்சு." நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய கோட்டை எடுத்து சந்தோஷமாக இஸ்திரி போட்டேன். சனாவுக்கு என்று நினைத்துப் போட்டேன்.

இன்று காலை கோட்டும் இல்லை, அவரும் இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு: "நகல் வாங்கிட்டு 24-க்குள்ள வந்துடறேன். கோபப்படாதே." அபூ லைத் வண்டியில் பாக்தாத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த வண்டி டிரைவரின் கையில் இதைத் திணிக்கிறேன்.

போகிறவர்கள் திரும்பி வரவேண்டும் என்று நீ ஊற்றிய தண்ணீர் பலித்துவிட்டது, அக்கா. பாதி பலித்துவிட்டது.

அவர் உன் கதவைத்தான் தட்டுவார். உள்ளே தள்ளிப் பூட்டு. பட்டம் வேண்டாம், வேலை வேண்டாம், என் சம்பளத்தில் இருவரும் சாப்பிடலாம் என்று சொல். எனக்குத் துணையாக வருவது அவமானமில்லை என்று சொல். இதை நான் சொன்னபோது அவர் காதில் ஏறவில்லை. நீ சொல்.

சவ்ஸன்

---

பாக்தாத்,
16 டிசம்பர் 1996

என் கண்ணே,

உன் கடிதம் நேற்று மாலைதான் வந்தது. அவர் அதற்கு முன்பே வந்துவிட்டார்.

வியாழன் மாலை வந்தார். வாசலிலேயே கத்தினேன். "தம்பி, உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். "பைத்தியம் இல்லக்கா. கூலி" என்றார். தந்தூர் அருகே குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார். ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். வயிறாரச் சாப்பிட்டார். அந்த இரண்டு பேர் தேடி வந்ததை மறுபடியும் சொன்னேன். "காலேஜ் டீன் என்கூடப் படிச்சவன். காய்ச்சல்னு நீங்க சொன்னதையே நானும் சொல்றேன். ஒரு மணி நேர வேலை" என்றார். நீ என்னென்ன சொல்லச் சொல்லி எழுதினாயோ, அதில் பாதியை நானாகவே சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, கல்லூரி விடுமுறை. வெளியே போகாமல் படுத்துத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நான் தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, "ஊத்தாதீங்க அக்கா" என்றார்.

"ஏன்?"

"ஊத்தினா இங்கதானே திரும்பி வருவேன்? எனக்கு சவ்ஸன்கிட்டப் போகணும்."

நான் ஊற்றவில்லை.

அன்று மாலை வரவில்லை. மறுநாள் கல்லூரி வாசலுக்குப் போனேன். காவல்காரன் பெயரைக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அப்படி யாரும் இங்க வேலை செய்யலையேம்மா" என்றான். நம் வீட்டுக்கு எத்தனையோ முறை அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்.

24-ஆம் தேதி விமானத்தை விடாதே. அங்கே உட்கார்ந்து அழுதாலும் அவர் வரும் வழி திறக்காது. நீ ஓரிடத்தில் நிலையாக இருந்தால்தான், வெளியே வருகிற அன்று போய்ச் சேர அவருக்கு ஓர் ஊர் இருக்கும். நான் தினமும் கேட்டுக்கொண்டே இருப்பேன். இங்கே மட்டும் வந்துவிடாதே. அதனால் இந்தக் கடிதம் போகும் வண்டிக்குப் பின்னால் ஒரு சொட்டும் ஊற்றப்போவதில்லை.

அபூ லைத் ஹாரன் அடிக்கிறார். நிறுத்துகிறேன். குடம் இன்னும் வாசலிலேயே இருக்கிறது, சவ்ஸன். அதைக் கொட்டவும் கை வரவில்லை, உள்ளே எடுத்து வைக்கவும் கை வரவில்லை.

அக்கா,
ரபாப்