நீ குடி

12, வியாழன்
ஓசூரில் தூறல். ஆறு மணி வேன் ஏழரைக்கு. அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தாயிற்று. பதினாறு பேருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் சீருடை. எங்கள் குடியிருப்பு பஜனைக் குழு மலேசியாவில் இரண்டு கோயில் மண்டபங்களில் பாடப் போகிறது. மலேசியா தாங்குமா தெரியவில்லை.

குழுத் தலைவர் சந்தானம் சார் வேனிலும் அட்டென்டன்ஸ் எடுத்தார். ரிட்டையர் ஆகியும் ஃபேக்டரி புத்தி போகவில்லை.

டூருக்கென்று அந்தத் தெலுங்குப் பாட்டைக் கொண்டுவந்தது நான். குழுவில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் நான் ஒருத்திதான். ஆறு வருஷமாகத் தனி வரி எல்லாம் எனக்கே. இதை மட்டும் சந்தானம் சார் தன் மனைவி விமலாவுக்குக் கொடுத்துவிட்டார். "புது ஆளுக்கும் சான்ஸ் குடுக்கணுமில்லீங்க." சொந்த வீட்டிலேயே புது ஆள்!

தெலுங்கில் குடி என்றால் கோயில். "உன் கோயில், உன் கோயில்" என்று உருக வேண்டிய இடம். கங்கைக்கு வரும் க. வி. போடுவது கல்லுக்கு வரும் க. மூன்று மாதமாக சாமிக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். மற்றவர்கள் மதுரை, திருநெல்வேலி. தெலுங்குக்கு அர்த்தம் கேட்பது பாவம் போல. பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தவள் நான். தெலுங்கு எழுத்து எனக்கும் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை.

விமானத்தில் வி. தாளோடு வந்தாள். "ஒருவாட்டி கேளுங்கக்கா. சரியா வருதுங்களா?"

"சரியா இருக்கு" என்றேன்.

13, வெள்ளி
புழுக்கம். பத்துமலை. படி ஏறும் முன் அட்டென்டன்ஸ். குரங்கு சந்தானம் சாரின் தொப்பியைப் பிடுங்கியது. இன்று நடந்த ஒரே நல்ல காரியம்.

இரட்டைக் கோபுரம். நாற்பது நிமிஷம் போட்டோ. யாரோ ஒருவர், "நம்ம ஓசூர்லயே இது மாதிரி வரப்போவுதுங்க." கழுத்து வலி.

வாங்க: தைலம். சாக்லேட் (மருமகளுக்குச் சின்ன டப்பா போதும்).

14, சனி
மாலை முதல் கச்சேரி. வி. கண்ணை மூடிக்கொண்டு, "நீ குடி." பின்னால் நாங்கள் எல்லாரும், "நீ குடி." முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "யாரைக் குடிக்கச் சொல்றாங்க லா?" மண்டபமே சிரித்தது. வி. முகம் சிவந்து, நிறுத்தாமல் பாடி முடித்தாள். எனக்கு இனித்தது. மறைப்பானேன்.

வாசலில் தெலுங்குக்காரர் ஒருவர் வி.யிடம் சரியான உச்சரிப்பைச் சொல்லிவிட்டுப் போனார். சந்தானம் சார் என்னிடம், "நீங்க பார்த்துச் சொல்லலைங்களா?"

வி. முந்திக்கொண்டாள். "அக்கா ஃபிளைட்லயே திருத்துனாங்க. நான்தான் பதட்டத்துல மறந்துட்டேன்." என்னைப் பார்க்கவில்லை.

நாளை நானே பாட வேண்டுமாம். கேட்டது கிடைத்துவிட்டது. வி.யை வேஷக்காரி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை.

15, ஞாயிறு
மழை. காலையில் குளியலறையில் கங்கை, கங்கை என்று சொல்லிப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை.

மண்டபம் நிறைய ஆள். என் வரி வந்தது. வாயைத் திறந்தேன். "நீ குடி." கல்லுக்கு வரும் க. மூன்று மாதம் உள்ளுக்குள் இளித்துக்கொண்டே கேட்டது, அப்படியே நாக்கில் ஏறியிருக்கிறது.

பின்னால் பதினாலு பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். ஒரு குரல் மட்டும், எல்லாருக்கும் மேலே, கங்கைக்கு வரும் க. விமலா.