அவருக்கு ஒத்து வராது

மகள் அனுப்பிய பார்சல் போன கிழமை கடல் தாண்டி வந்தது. பிரித்ததும் புதுக் கம்பளி வாசம் கிங்ஸ்பரி வீடு முழுக்கப் பரவியது. காதையும் மூடும் தொப்பி, தடித்த கையுறை, முழங்கால் வரை வரும் காலுறை. எதற்கு இதெல்லாம் என்று நியூ ஜெர்சிக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"உங்களுக்குக் குளிர் ஒத்து வராது, அதாலதான் இஞ்சை வந்து இருக்கேலாமல் கிடக்கு எண்டு அம்மா எத்தினை தரம் சொன்னவ. போட்டுப் பாருங்கோ அப்பா. இனிச் சாட்டுச் சொல்லேலாது" என்றாள்.

எனக்குக் குளிர் ஒத்து வராதாம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனவன் நான். ஏதோ இடித்தது. டெக்சாஸில் இருக்கும் மகனுக்கு எடுத்தேன்.

"குளிரோ? இல்லையப்பா, உங்களுக்கு வெயில்தானே ஏலாது. தலைசுத்து வருமெண்டு அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா. அதுதான் உங்கடை அறைக்குப் புது ஏசி போட்டிருக்கிறன்."

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்தவனுக்குத் தலைசுத்தாம். பிள்ளைகளின் அம்மா, நீர் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதுதான் உம்முடைய கள்ளம் பிடிபட்டது.

வேலையை விட்ட நாளிலிருந்து காலைத் தேத்தண்ணியோடு நான் பேசியதெல்லாம் இந்த இரண்டு மாநிலங்களைப் பற்றித்தான். டெக்சாஸில் வீடு பெரிது, சம்பளத்துக்கு மாநில வரி இல்லை. ஆனால் வெயில் காலம் நீளம். நியூ ஜெர்சியில் வீடு சின்னது, வரியோ கூடுதல். ஆனால் கோயில் கிட்ட, ரயிலும் உண்டு. எது நல்லது சொல்லும் என்று கேட்பேன். "பாப்பம்" என்பீர். ஒருநாள் மட்டும், "பிள்ளையளும் கேக்க வேணுமெல்லோ" என்றீர்.

அந்தச் சொல் முள்ளாகக் கிடந்தது. பிள்ளைகள் போனில் உம்மோடுதான் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். எனக்கு வருவது, "அப்பா, சுகமோ" மட்டும். தங்களோடு வந்து இருக்கச் சொல்லிப் பெற்றவர்களை அவர்கள் கூப்பிடவில்லை என்றே இவ்வளவு காலமும் நினைத்து உள்ளுக்குள் வெந்தேன். அவர்கள் வருஷாவருஷம் கேட்டிருக்கிறார்கள். மகனிடம் அவருக்கு வெயில் ஏலாது, மகளிடம் அவருக்குக் குளிர் ஏலாது என்று நீர்தான் மறுமொழி சொல்லியிருக்கிறீர்.

கோபம் வந்தது. உம்முடைய படத்துக்கு முன் நின்று, "என்னை ஏனப்பா சாட்டினீர்?" என்று சத்தமாகவே கேட்டேன்.

பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தது ஞாபகம் வந்தது. மகனும் மருமகளும் வேலைக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருந்தார்கள். நீர் வாசலில் நின்று, "தம்பி, இஞ்சை பஸ் எங்கை ஓடுது?" என்று கேட்டீர். அவன் சிரித்தான். "எங்கை போகோணுமெண்டாலும் சொல்லுங்கோ, நான் வந்து ஏத்துறன்." அடுத்துப் போன நியூ ஜெர்சியில் ரோட்டு முனையிலேயே பஸ் நின்றது. "தனியப் போகாதேங்கோ, ஐஸிலை வழுக்கி விழுந்தால்?" என்று மகள் விடவில்லை. திரும்பி வரும்போது விமானத்தில் சொன்னீர்: "நல்லாத்தான் வைச்சிருக்கினம். ஆனால் வெளிக்கிடுறதுக்கு ஒருத்தரைக் கேக்க வேணும்." நான் அப்போதும் வரியைப் பற்றித்தான் கதைத்தேன்.

இங்கே வயது போனவர்களுக்குத் தரும் இலவச பஸ் பாஸை எடுத்துக்கொண்டு காலையில் போனால் மத்தியானம்தான் வருவீர். எங்கே என்று நான் கேட்டதே இல்லை. உம்முடைய செத்தவீட்டில், பக்கத்து ஊரான ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "உங்கடை மனுசி வியாழனிலை வந்து எனக்குச் சீப்பாலை தலை இழுத்து விடுவா. என்ரை கை ரெண்டும் தூக்கேலாது." யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

போக விருப்பமில்லை என்று நீர் சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கு நொந்திருக்கும். புருஷனுக்கு ஏலாது என்றால் ஒருவருக்கும் நோகாது. சரி, விளங்குகிறது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அது இன்னும் ஆறவில்லை.

இந்த ஞாயிறு பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாக வீடியோவில் வந்தார்கள். அறை ஆயத்தம், எந்த மாநிலம் என்று இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். இப்போது என்னைத் தடுக்க ஆளில்லை. தனிய இருந்து சாப்பிடுவது பெரிய கொடுமை. போகத்தான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, நீர் திரிந்த ரோட்டை விட்டு எனக்குப் போக ஏலாது. அதை அந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை.

"அம்மா சொன்னது சரி, பிள்ளை. எனக்கு அந்தக் குளிர் ஏலாது" என்றேன் மகளிடம். "உன்ரை வெயிலும் ஏலாது, தம்பி."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

"அப்ப எதுதானப்பா உங்களுக்கு ஒத்து வரும்?" என்று மகன் கேட்டான்.

"உங்கடை அம்மா ஒத்து வந்தவ" என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை.